வீட்டு விறகுக்கு இயந்திர வாள்: வாங்குமுன் யோசிப்போம்

பேராதனை, கெலிஓயா, ஹந்தானை, கலஹா பக்கங்களில் வந்து குடியமர்ந்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரே கேள்வி எழுகிறது. "விறகு வெட்டுவதற்கு நல்ல செயின் சோ எது? ஒன்று வாங்கினால் வீட்டுக்கும் ஆகும், அயலுக்கும் வெட்டிக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் அல்லவா?" என்பதே அது. யுத்த காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்களும், மகாவலி நீர்த்தேக்கங்களுக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம் மாறியவர்களும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த மண்சரிவில் வீடுவாசல் இழந்தவர்களும் இவர்களுள் அடங்குவர். கையில் இருப்பது நிவாரணப் பணமாக இருக்கலாம், விற்ற நகையின் காசாக இருக்கலாம், கடனாகவும் இருக்கலாம். எதுவானாலும் இன்னொரு முறை கிடைக்காத பணம். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு கம்பனியின் பெயரை மட்டும் பதிலாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. இயந்திர வாளின் நம்பகத்தன்மை அதன் பெயர்ப்பலகையில் மட்டும் இல்லை. அதற்குரிய சங்கிலியும் உதிரிப்பாகமும் பக்கத்து ஊரில் கிடைக்கின்றனவா, அரம் பிடிக்கத் தெரிந்த கை வீட்டில் உண்டா என்பவற்றில்தான் அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. அதற்கும் முன்னதாக, அந்த வாள் எமக்கு உண்மையிலேயே தேவையா என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் விறகைப் பார்ப்போம்

2022ஆம் ஆண்டு நெருக்கடியை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. வரிசையில் நின்றாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. எரிவாயு அடுப்பை ஓரத்தில் வைத்துவிட்டு மூன்று கல் வைத்து விறகு மூட்டிய வீடுகள் கண்டி நகருக்குள்ளேயே இருந்தன. விறகு கைவசம் இருப்பது ஒரு பாதுகாப்பு என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் கற்பித்தது.

ஆனால் விறகு ஊருக்கு ஊர் வேறுபடும். வன்னியிலிருந்து வந்தவர்களுக்குப் பாலையும் வீரையும் பழக்கம். யாழ்ப்பாணத்தவருக்குப் பனைமட்டையும் கொக்கறையும் ஊமலும் பழக்கம். அங்கே வெட்டிப் போட்ட விறகு வெயிலில் சில கிழமைகளில் காய்ந்துவிடும். பேராதனை அப்படியல்ல. இது ஈரமான மண். இரண்டு பருவ மழையும் எட்டிப் பார்க்கும் இடம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விறகு காய்வதற்குப் பதிலாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

இங்கே வீட்டுத் தோட்டத்தில் கிடைப்பவை எவை? வேலிக்கும் மிளகுக்கொடிக்கும் நட்ட கிளிரிசீடியா (நம்மவர் சிலர் சீமைக்கிளுவை என்பார்கள்), முள்முருங்கை, மா, பலா, ஈரப்பலா, அவகாடோ ஆகியவற்றின் கிளைகள், தென்னை மட்டை, பாளை. தோட்டப் பக்கம் இருந்தால் தேயிலைக் கவ்வாத்தின்போது விழும் மிலாறு, சவுக்கு என்று தோட்டத்து மக்கள் சொல்லும் கிரவிலியாவின் கிளைகள். இவற்றில் பெரும்பகுதி மணிக்கட்டுப் பருமன், மிஞ்சினால் முழங்கைப் பருமன்.

இனி ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். ஒரு கிழமை முழுவதும் உங்கள் அடுப்புக்குப் போகும் விறகைப் பருமன் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். நான்கு அங்குலத்துக்குக் குறைந்தவை ஒன்று. நான்கு முதல் எட்டு அங்குலம் வரை ஒன்று. அதற்கு மேற்பட்டவை ஒன்று. முதற் குவியலுக்குக் கத்தியும் கைவாளும் போதும். இரண்டாவதற்கு வில் போல் வளைந்த சட்டம் பூட்டிய வாளோ, இருவர் இழுக்கும் நீள வாளோ போதும். மூன்றாவது குவியலுக்குத்தான் இயந்திரம் வேண்டும். அந்த மூன்றாவது குவியல் சிறியதாக இருந்தால், இயந்திர வாள் உங்கள் வீட்டுக்குத் தேவையான பொருள் அன்று. ஆண்டுக்கு ஓரிரு நாள் வாடகைக்கு எடுக்க வேண்டிய பொருள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இயந்திர வாள் மரத்தைக் குறுக்கே துண்டு போடும். துண்டைப் பிளப்பது கோடாலியும் ஆப்பும் ஆகும். வாள் வாங்கினாலும் கோடாலி ஓய்வு பெறாது.

சங்கிலி எப்படி வெட்டுகிறது?

ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்க அதன் வேலையை விளங்கிக்கொள்ள வேண்டும். ஜேர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளைச் செய்தார். 1929இல் பெற்றோலில் இயங்குவதைச் செய்தார். ஆனால் அக்காலச் சங்கிலியின் பற்கள் கைவாளின் பற்களைப் போலவே இருந்தன. சீக்கிரம் மழுங்கின. அடிக்கடி அரம் பிடிக்க வேண்டியிருந்தது.

1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ கொக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டொன்றின் புழுவைக் கவனித்தார். விரலளவு புழு, கடினமான மரத்தை எந்தத் திசையிலும் துளைத்துக்கொண்டு போனது. அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவுவதை அவர் கண்டார். அதைப் பார்த்துச் செய்த சங்கிலியை 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் காணும் சங்கிலிகள் எல்லாம் அந்த முறையிலேயே அமைந்தவை. ஒரு பல் இடப்பக்கம் சீவும், அடுத்தது வலப்பக்கம் சீவும்.

இக்கதையை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரு பக்கப் பற்களும் ஒரே நீளமாக இருந்தால்தான் வாள் நேராக இறங்கும். ஒரு பக்கத்தை அதிகம் அராவி, மறுபக்கத்தைக் குறைவாக அராவினால், வெட்டு வளைந்து போகும், வாள் மரத்துக்குள் இறுகும். "மெசின் பழுது" என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும் வாள்களில் பழுது சிலவேளை அரத்தைப் பிடித்த கையில்தான் இருக்கும்.

எந்த அளவு வாள்?

வீட்டு விறகுக்கு 30 முதல் 45 கன சென்ரிமீற்றர் வரையான இயந்திரமும், 14 அல்லது 16 அங்குல வாள் தகடும் தாராளம். இத்தகைய வாள் நான்கு முதல் ஐந்து கிலோ வரை நிறையுடையது. எரிபொருளும் ஒயிலும் நிரப்பினால் இன்னும் சற்றுக் கூடும். கடையில் நிற்கும்போது ஐந்து கிலோ பெரிதாகத் தெரியாது. சரிவான தோட்டத்தில், ஈர மண்ணில் கால் ஊன்றி, அரை மணி நேரம் பிடித்திருந்தால் தெரியும்.

"தம்பி, இதை எடுத்திட்டுப் போங்கோ. ஐம்பத்தெட்டு சீசீ, இருபத்திரண்டு அங்குலம். விலையும் குறைவு" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அப்போது திருப்பிக் கேட்க வேண்டியது: "சரி அண்ணே, இதுக்குச் சங்கிலி உங்களிட்ட இருக்கா? காபரேற்றர் பழுதானால் யார் பார்ப்பார்?" இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்த விலை குறைவு அன்று. பெரிய இயந்திரம் பெரிய மரத்துக்கு. முழங்கைப் பருமன் கிளைக்கு அது வீண் பாரமும் வீண் ஆபத்துமாகும்.

ஸ்டில், ஹஸ்குவார்னா போன்ற பழைய கம்பனிகளின் வாள்கள் விலை கூடியவை. ஆனால் அவற்றின் பாகங்கள் நீண்ட காலம் கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. பெயர் தெரியாத மலிவான வாள்களிலும் ஓரளவு நன்றாக உழைப்பவை உள்ளன. ஆனால் அடுத்த ஆண்டு அதே வாளுக்கு அதே பாகம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இவை இரண்டையும் விட மோசமானது போலி. பெரிய கம்பனிகளின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே பின்பற்றிய போலி வாள்கள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. விலை பாதிக்கும் குறைவாக இருந்தால், பெட்டியும் கைநூலும் உத்தரவாதப் பத்திரமும் இல்லாமல் வந்தால், சந்தேகப்பட வேண்டும்.

வாள் தகட்டின் அடிப்பக்கத்தில் சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டின் நீளம், சங்கிலிக் கண்களின் இடைவெளி, தகட்டின் பள்ளத்துக்கு ஏற்ற தடிப்பு, கண்களின் எண்ணிக்கை என்பனவே அவை. இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சங்கிலி வாங்கப் போகும்போது இந்த எண்களே வழிகாட்டி. "பதினாறு அங்குலச் சங்கிலி" என்று மட்டும் கேட்டு வாங்கினால் அது பொருந்தாமல் போகலாம்.

மின்சார வாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு முற்றத்துக்கு விறகைக் கொண்டுவந்து துண்டு போடுபவர்களுக்கு, ஏறக்குறைய 2,000 வாற்று மின்சார வாள் நல்லது. பெற்றோல் கலக்கத் தேவையில்லை, காபரேற்றர் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் தடித்த, முறிவில்லாத நீட்டு வயர் வேண்டும். மழையிலும் ஈர நிலத்திலும் பாவிக்கவே கூடாது. வீட்டு இணைப்பில் கசிவு மின் துண்டிப்பான் வேலை செய்வது கட்டாயம். தற்காலிகக் கொட்டிலில் அயல்வீட்டிலிருந்து இழுத்த வயரில் இதைப் பூட்ட வேண்டாம். மின்கலத்தில் இயங்கும் வாள்கள் வசதியானவை. ஆயினும் மின்கலத்தின் விலை அதிகம், சில ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டிவரும்.

பழைய வாள் வாங்குவோருக்கு ஆறு சோதனைகள்

கைமாறிய வாளை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கீழ்க்காண்பவற்றைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

1. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்னரே சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருங்கள்.

2. இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பு நன்றாகக் கையில் தட்டுப்பட வேண்டும். வெறுமனே வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே தேய்வு அதிகம்.

3. வேகம் கொடுக்காமல் ஓடவிட்டால் சங்கிலி நிற்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்சிலோ, வேகத்தைச் சரிசெய்த விதத்திலோ பிழை உண்டு.

4. முன்பக்கக் கைக்காப்பை முன்னால் தள்ளியதும் சங்கிலி உடனே நிற்க வேண்டும். அதுவே சங்கிலித் தடை. அது இல்லாத வாளையும், வேலை செய்யாத வாளையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

5. வாளின் நுனியை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு முன்னால், அதில் படாமல் பிடித்து வேகம் கொடுங்கள். கடதாசியில் மெல்லிய ஒயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் சங்கிலிக்கு ஒயில் போகவில்லை.

6. தகட்டின் பள்ளத்தைப் பாருங்கள். இரு விளிம்பும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தால் புதுத் தகட்டின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

பத்து வீட்டுக்கு ஒரு வாள்

இப்போது கணக்குக்கு வருவோம். விலைகள் அடிக்கடி மாறுவதால், ஓர் உதாரணத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வாளின் விலை 60,000 ரூபா, அது ஐந்து ஆண்டு உழைக்கும், சங்கிலி, அரம், ஒயில், பெற்றோல், பழுது எல்லாம் ஆண்டுக்கு 12,000 ரூபா என்று வைப்போம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 24,000 ரூபா செலவாகும். வாள்காரரை ஆண்டுக்கு இரண்டு நாள், நாளுக்கு 6,000 ரூபா கொடுத்துக் கூப்பிட்டால் 12,000 ரூபா. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு வாள் வாங்கினால் பராமரிப்பு கூடும், ஆண்டுக்கு 40,000 ரூபா என்று வைப்போம். அப்படியானாலும் ஒரு குடும்பத்தின் பங்கு 5,200 ரூபாதான். உங்கள் ஊர் விலைகளை இந்த இடங்களில் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

கூட்டாக வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோருக்கும் உரிய பொருள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போய்விடும். இதைத் தவிர்க்கச் சில ஒழுங்குகள் வேண்டும். வாளை இயக்குவதற்கு ஒருவர் அல்லது இருவர் மட்டும், அவர்கள் முறையாகப் பழகியவர்களாக இருக்க வேண்டும். வாளை இரவல் கொடுக்கக் கூடாது, வாளோடு ஆளும் போக வேண்டும். எந்த நாள், யார் வீடு, எத்தனை தாங்கி பெற்றோல் என்று கொப்பியில் எழுத வேண்டும். ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கிலி நிதிக்கு ஒதுக்க வேண்டும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஏற்பாடு மிகவும் உதவும். விறகுக்காக அவர்கள் மலையேறும் நாட்கள் குறையும்.

கூலிக்கு வெட்டிப் பிழைக்கலாம் என்று எண்ணுபவர்கள், தமது பகுதியில் ஏற்கெனவே எத்தனை பேர் வாள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று விசாரித்த பின்னரே கடன் எடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இடம்பெயர்ந்து வந்தவர்கள் இந்த விடயத்தில் மிகவும் அவதானமாக இருக்க வேண்டும். ஊர் புதிது, எல்லை தெரியாது, அறிமுகமும் குறைவு.

2019ஆம் ஆண்டில், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் காலத்தில், காடழிப்பைத் தடுக்கும் நோக்குடன் நாடு முழுவதும் இயந்திர வாள்களைப் பொலிஸ் நிலையங்கள் ஊடாகப் பதிவு செய்யும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. எனவே வாள் வாங்குமுன் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் தற்போதைய நடைமுறையைக் கேட்டு அறியுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பழைய வாள் வாங்கினால் விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், இயந்திர இலக்கம் எழுதிய கடிதம் ஒன்றைக் கையெழுத்துடன் பெறுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத வாள் ஒரு நாள் உங்களைப் பதில் சொல்ல வைக்கும்.

வாள் உங்களுடையதாக இருந்தாலும் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு) சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது. இதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பஞ்ச காலத்தில் மக்களுக்குச் சோறு போட்ட மரம் பலா. அந்தக் காப்பு வீணான காப்பு அன்று. மரக்குற்றிகளை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்கும் பல இன மரங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

அரச காட்டில் விழுந்து கிடக்கும் மரமும் அரசின் மரம்தான். தோட்டத்து மரம் தோட்ட நிருவாகத்தின் மரம். ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சூழல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. உடவத்தகலை ஒரு சரணாலயம். இவ்விடங்களில் வாளோடு காணப்படுவதே வில்லங்கம். சூறாவளியில் உங்கள் காணிக்குள் சாய்ந்த மரமாக இருந்தாலும், பலா போன்ற காப்புள்ள மரமானால், கிராம உத்தியோகத்தருக்குக் காட்டி, எழுத்தில் பதிவு செய்த பின்னர் வெட்டுவதே நல்லது.

சரிவு நிலத்தில் அடிமரத்தை விடுவோம்

டித்வாவின் பின்னர் மண்சரிவு என்னவென்று கண்டி மாவட்ட மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மரத்தின் வேர் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கிறது. மரத்தை வெட்டியதும் வேர் அன்றே செத்துவிடுவதில்லை. சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல உக்கும். ஆபத்து அப்போதுதான் வரும். வெட்டியவர் மறந்திருப்பார், மலை மறக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. கிளிரிசீடியா வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். இடுப்பு உயரத்தில் அடிமரத்தை விட்டுக் கிளைகளை மட்டும் வெட்டினால் வேர் உயிரோடு இருக்கும், மண்ணும் நிற்கும். இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும், பயிருக்குப் பசளையாகும், தடி விறகாகும். இலங்கையில் 2005இல் கிளிரிசீடியாவைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தார்கள். சின்ன வேலி மரத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. தடி ஒன்றை வெட்டி ஊன்றினாலே முளைக்கும். சொந்தக் காணி இல்லாதவர்களும் காணிக்காரரின் சம்மதத்துடன் எல்லை ஓரமாக நடலாம். இந்த விறகுக்கு இயந்திர வாள் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல கத்தி போதும்.

எரிபொருளும் ஒயிலும் அரமும்

பெற்றோல் வாள்கள் பெரும்பாலும் இரண்டடி இயந்திரங்கள். பெற்றோலோடு அதற்குரிய ஒயிலைக் கலக்க வேண்டும். பல வாள்களுக்கு 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில், அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வேறு சிலவற்றுக்கு 25க்கு ஒன்று, அதாவது 40 மில்லிலீற்றர். கைநூல் சொல்வதே முடிவு. ஒயில் கலக்காத பெற்றோலை ஊற்றினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிப் பெரிய செலவு வரும். கண்ணளவில் ஊற்றாமல் மருந்துக் குப்பியின் அளவு மூடியைப் பாவியுங்கள். கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் வாளைச் சும்மா வைப்பதானால் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

சங்கிலிக்கு வேறு ஒயில். வாகனத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் உலோகத் துகளும் புற்றுநோய்க்குக் காரணமான பொருட்களும் இருக்கின்றன. அது வாளையும் கெடுக்கும், வெட்டுபவரின் தோலையும் கெடுக்கும், மண்ணிலும் கிணற்றிலும் போய்ச் சேரும். பெற்றோல் ஒரு தாங்கி முடியும்போது சங்கிலி ஒயிலும் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். ஒயில் அப்படியே இருந்தால் அதன் வழி அடைபட்டிருக்கிறது.

சங்கிலி மழுங்கியதை விறகுத் தூளே சொல்லும். கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மா போலத் தூள் தள்ளும், புகையும் வரும். நீங்கள் வாளை அழுத்த வேண்டியிருந்தால் அது அராவும் நேரம். சிறிய வாள்களின் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் உருண்டை அரமும், அடுத்த அளவுக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும் பொருந்தும். ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் தள்ளுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளல் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. இடப்பக்கத்தை முடித்து, பின்பு வலப்பக்கம். மண்ணிலோ கல்லிலோ ஒரு தடவை பட்டாலே கூர் போய்விடும். எனவே குற்றியை நிலத்தில் வைத்து அரியாமல், கத்தரிக்கோல் போலக் குறுக்காகக் கட்டிய கால்களின் மேல் வைத்து அரியுங்கள்.

உயிர் முதல், விறகு பிறகு

வாளின் நுனியின் மேற்பாதி மரத்திலோ கிளையிலோ பட்டால், வாள் கண்மூடித் திறக்குமுன் மேல்நோக்கி வெட்டுபவரின் முகத்துக்குத் துள்ளும். பாரிய காயங்கள் இப்படித்தான் நேர்கின்றன. நுனியால் வெட்டாதீர்கள். இரு கையாலும், பெருவிரல் கைப்பிடியைச் சுற்றியிருக்கப் பிடியுங்கள். தோளுக்கு மேல் வாளை உயர்த்தாதீர்கள். ஏணியிலோ மரத்திலோ நின்றபடி வெட்டாதீர்கள். சரிவில் குற்றிக்கு மேற்புறமாக நில்லுங்கள், கீழ்ப்புறம் யாரும் நிற்கக் கூடாது. சூறாவளியில் வேரோடு சாய்ந்த மரம் வில் போல இறுகியிருக்கும். வெட்டியதும் அடிப்பகுதி நிமிர்ந்து எழலாம், குற்றி உருளலாம். அதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

சாரமும் செருப்புமாக வாள் பிடிப்பதை எங்கும் காண்கிறோம். கால் மூடிய உறுதியான சப்பாத்து, நீளக் காற்சட்டை, கண்ணாடி, காதடைப்பு, கையுறை என்பனவாவது வேண்டும். வாளின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது ஒரே நாளில் செவிடாவதில்லை, ஆனால் போன செவிப்புலன் திரும்பாது. வாளின் விலையைப் பேசும்போதே இவற்றின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள். அதற்குப் பணம் போதாவிட்டால், வாளுக்கும் பணம் போதாது என்றே கொள்ள வேண்டும்.

தனியே போய் வெட்ட வேண்டாம். கூப்பிடும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். சுத்தமான தடித்த துணியும் தொலைபேசியும் அருகில் இருக்கட்டும். காயம் பட்டால் துணியை அழுத்திப் பிடித்தபடி 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

வெட்டியதைக் காய வைப்போம்

பச்சை மரத்தின் நிறையில் பாதியளவு நீர். அதை எரித்தால் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் போய்விடும். பச்சை விறகு ஒரு கிலோ தரும் வெப்பம், நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான். மிச்சம் புகை. அப்புகை சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். ஆகவே பேராதனைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில் விறகை வெட்டி, பிளந்து, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய தட்டில், மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களில் காற்றுப் புக அடுக்குங்கள். ஒக்டோபர் மழை வரும்போது அடுப்படியில் காய்ந்த விறகு இருக்கும். பிளந்த விறகு முழுக்குற்றியை விட மிக விரைவாகக் காயும்.

அத்துடன் 'அனகி' என்ற இரட்டை வாய் மண் அடுப்பையும் சொல்ல வேண்டும். 1980களில் இலங்கையில் உருவாக்கிப் பரப்பப்பட்ட அந்த அடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரத்தைச் சூடாக்குகிறது. குயவர்கள் செய்து சந்தையில் விற்கிறார்கள். மூன்று கல் அடுப்பை விட விறகு கணிசமாக மிச்சமாகும். எரிக்காத விறகை வெட்டவும் தேவையில்லை, சுமக்கவும் தேவையில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அடுப்பைத் திருத்துவோம். அடுத்து வேலியில் கிளிரிசீடியா நடுவோம். நல்ல கத்தி, கைவாள், கோடாலி ஒவ்வொன்று வாங்குவோம். பெரிய குற்றிக்கு வாள்காரரைக் கூப்பிடுவோம். அதற்கும் மேலே தேவை இருந்தால், அயலவர் பத்துப் பேர் கூடி, சங்கிலித் தடை வேலை செய்யும், உதிரிப்பாகம் கிடைக்கும், பற்றுச்சீட்டு உள்ள சிறிய வாள் ஒன்றை வாங்குவோம். வாங்கும் அன்றே உருண்டை அரம் ஒன்றையும் வாங்கி, அதைப் பிடிக்கும் விதத்தைக் கடைக்காரரிடமே கேட்டுப் பழகிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.